பழைய காட்டன் சேலை: போர்வையாக்கலாமா, மறுசுழற்சிக்குக் கொடுக்கலாமா?

முதலில் துணியை இரு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். 'பர்'ரென்று கிழிந்தால் தைப்பது வீண். ஊசி போன இடமெல்லாம் பிரிந்துவரும்.

வலு இருந்தால் போர்வைதான். 5.5 மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலம்: ஒருவர் போர்த்திக்கொள்ளப் போதும். ஜரிகைக் கரை தோலை உராயும், முன்பே வெட்டிவிடுங்கள். பாலியஸ்டர் ஃபால்ஸையும் பிரித்தெடுங்கள். மடிப்புகளில் ஊக்கு குத்தி, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக 2 அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் துணி பொங்கி நிற்கும். பிறகு இஸ்திரி போட்டாலும் அது அடங்காது.

மறுசுழற்சியில் துணியைப் பல் வைத்த உருளைகளில் கிழித்துப் பஞ்சாக்குகிறார்கள். இழை குட்டையாகிவிடும், அதனால் தடித்த நூல்தான் வரும், அதற்கும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டும். நிறம் பிரித்துப் போட்டால் சாயம் போடும் வேலை மிச்சம், இது பெரிய லாபம். லைக்ரா கலந்த துணி உருளையில் சுற்றிக்கொள்ளும். பட்டனும் ஜிப்பும் உருளையின் பல்லை உடைக்கும். திருப்பூர் வட்டார மில்கள் பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்டை விரும்புவது இதனால்தான்: எல்லாம் புதுத் துணி, நிறம் பிரிப்பதும் சுலபம். உடுத்திக் கழித்த துணிக்குப் பெரிய சந்தை ஹரியானாவின் பானிப்பட்.

எனவே வலுவுள்ள சேலையை மில்லுக்கு அனுப்பாதீர்கள். நைந்ததைக்கூட முதலில் கைப்பிடித் துணியாகவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.