ஈகோர்ட்ஸ் செயலி: அரசு வழக்கறிஞருக்கு எவ்வளவு உதவும்?

உரிமையியல், குற்றவியல் வழக்குக் கட்டுகள் இரண்டையும் சுமக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி தேவைதான், இலவசம் வேறு. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் (எழுத்தும் எண்ணும் கலந்தது) போட்டால் அடுத்த வாய்தா, வழக்கின் நிலை, பதிவேறிய உத்தரவுகள் எல்லாம் வந்துவிடும். குற்ற வழக்கென்றால் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், ஆண்டு போதும்.

வழக்கறிஞர் பெயர்த் தேடலை மட்டும் நம்பக்கூடாது. ஒரே ஆள் ஓரிடத்தில் 'ஜி.பி.' (அரசு வழக்கறிஞர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் இன்னோரிடத்தில் பெயராகவும் பதிவாகியிருந்தால் பாதி வழக்குகள் சிக்காது. கட்டு கைக்கு வந்ததுமே சிஎன்ஆரை மேலட்டையில் எழுதி, 'மை கேசஸ்' பட்டியலில் சேர்ப்பதே வழி. அந்தப் பட்டியல் போனில்தான் இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்து வைக்காமல் செயலியை நீக்கினால் போச்சு.

எதிருரைக்கான (உரிமையியல் வழக்கில் எதிர்த்தரப்பு தரும் எழுத்துப்பூர்வ பதில்) 30 நாளையோ, மேல்முறையீட்டுக் காலத்தையோ (மாவட்ட நீதிமன்றத்துக்கு 30, உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள்) செயலி எண்ணித் தராது. தரவிறக்கிய தீர்ப்பு, நீதிமன்றம் சான்றிட்டுத் தரும் நகலும் ஆகாது. அந்த நகலுக்கான மனுவை உடனே போடுங்கள். நகல் தயாராகும் நாட்களைத்தான் காலவரம்புக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள், துறையின் கோப்பு மேசை மேசையாக நகரும் நாட்களை அப்படி விடமாட்டார்கள். குமாஸ்தாவின் டைரிக்கு இன்னும் ஓய்வு இல்லை.