ஃபைனான்ஸ் முதலாளி இறந்துவிட்டால்: டெபாசிட்டை எந்த வழியில் கேட்பது?

முதலில் பாண்டைப் (டெபாசிட்டுக்குக் கொடுத்த பத்திரம்) பாருங்கள். ‘பிரைவேட் லிமிடெட்’ என்றிருந்தால் கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது, அதனிடமே கேட்கலாம். கூட்டு நிறுவனம் என்றால் மிஞ்சிய பங்குதாரர் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. சிக்கல் எல்லாம் தனி முதலாளி நடத்திய ஃபைனான்சில்தான். தமிழ்நாட்டில் அதற்கு மூன்று வழி உண்டு.

வாரிசுகளுக்குச் சொத்து விட்டுப் போயிருக்கிறார், ஏமாந்தவர் நீங்கள் ஒருவரோ இருவரோதான் என்றால் சிவில் வழக்கே மேல். நீதிமன்றக் கட்டணம் 3%. 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். சிலர் இறந்தவரையே பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டுவிடுவார்கள், அது செல்லாது. மனைவி, பிள்ளைகள், தாயார் இருந்தால் அவரும் (இந்துக் குடும்பத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு) பிரதிவாதிகளாக வேண்டும். அவர் விட்டுச்சென்று அவர்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் வசூலிக்க முடியும். மகனுடைய சம்பளத்தைத் தொட முடியாது. அதனால் வழக்குக்கு முன்பே வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்லது. விற்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவையும் (தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கக் கேட்பது) சேர்த்தே போடுங்கள்.

ஊரே பணம் போட்டிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அரசே சொத்தை முடக்கி, விற்று, எல்லாருக்கும் விகிதப்படி பிரிக்கும். செலவில்லை, ஆனால் வருடங்கள் ஓடும், முழுத் தொகை வருவது அரிது. இறந்தவர் மீதான குற்ற வழக்கு அவரோடு முடிந்துபோகும். ஒரிஜினல் பாண்டைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். போலீசில் புகார் கொடுத்ததால் சிவில் வழக்கின் காலக்கெடு நிற்காது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

குடும்பம் கொடுக்க மனமுள்ளது, கையில்தான் இல்லை என்றால் மக்கள் நீதிமன்றம். கட்டணமில்லை, அங்கு ஆகும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமம், அதற்கு அப்பீலும் கிடையாது. எதிர்த்தரப்பு வர மறுத்தால் அதோடு சரி.

எந்த வழியில் போனாலும் சிவில் வழக்குக்கான கெடு 3 ஆண்டு என்பதை மறக்காதீர்கள்: தவணை வைத்த பாண்டுக்கு முதிர்ந்த நாளிலிருந்து, கேட்டதும் தருவதாகச் சொன்ன டெபாசிட்டுக்குக் கேட்ட நாளிலிருந்து. “அப்பா கடன், நாங்க பார்த்துக்கிறோம்ணே” என்ற வாய்ப்பேச்சு அதை நீட்டாது. கெடு முடியுமுன் வாரிசுகள் 10,000 கொடுத்தாலும் பாண்டின் பின்பக்கம் “அசலில் வரவு” என்று தேதியோடு எழுதி, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் மட்டும் போட்டால், அது எங்களைக் கட்டாது என்று மற்றவர்கள் நழுவிவிடுவார்கள்.