ஜெராக்ஸ் கடை மாடியில் டார்ட்ஸ் டியூஷன்: 1,500 ரூபாய்க்குத் தகுமா?

பத்து வருஷம் லாரி ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு, நாற்பது வயதில் மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்தவள் நான். டார்ட்ஸ் பேப்பரில் (ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்ட ஈடு கேட்கும் சிவில் சட்டம்) நெக்ளிஜென்ஸ், அதாவது கவனக்குறைவு, மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் டியூஷனுக்கு 1,500 ரூபாய் கட்டினேன். ஆறு ஞாயிறு. மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும்.

முதல் வகுப்பு நத்தை வழக்கு. 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் டோனஹூ என்ற பெண் குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்தது என்பது புகார். இது எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. சார் கேட்டது வேறு: "காசு கொடுத்தது யாரும்மா?" தோழி. அப்படியானால் குடித்தவருக்குக் கடைக்காரரோடும் ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரோடும் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 1932-ல் தீர்ப்பெழுதிய அட்கின் பிரபுவுக்கு 'அண்டை அயலார்' கோட்பாடு தேவைப்பட்டிருக்கிறது: ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பது. அதிலும் ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டிய காசுக்கு மூன்றாவது வாரமே பலன் கிடைத்துவிட்டது. பார்னெட் வழக்கு. லண்டனில் மூன்று காவலாளிகள் டீ குடித்துவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். டியூட்டி டாக்டர் வந்து பார்க்காமலே, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார். ஒருவர் இறந்துபோகிறார், டீயில் ஆர்சனிக். டாக்டர் மேல் தப்பு இருக்கிறதா? இருக்கிறது. நஷ்ட ஈடு? கிடையாது. உடனே சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து நேரத்துக்குள் கொடுத்திருக்க முடியாது, அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றது கோர்ட். நெக்ளிஜென்ஸுக்கு நிரூபிக்க வேண்டியவை கடமை, மீறல், காரணத் தொடர்பு, சேதம் என்று நான் மனப்பாடம் பண்ணியிருந்த நாலில், மூன்றாவது எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆளின் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த சுபாக்வந்தி வழக்கையும் (1966) நன்றாகவே நடத்தினார். கூண்டுக்கு எண்பது வயது, அந்தச் சாந்து தாங்குவதோ நாற்பது நாற்பத்தைந்து வருஷம். பராமரிக்க வேண்டிய மாநகராட்சிதான் பதில் சொல்ல வேண்டும். நடந்த சம்பவமே கவனக்குறைவைக் காட்டிக்கொடுக்கும் என்கிற தன்விளக்கக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

குறைக்கு வருகிறேன். பாதிக்கப்பட்டவர் மேலும் தப்பு இருப்பதைச் சொல்லும் பங்களிப்புக் கவனக்குறைவு பத்தே நிமிஷம். கால் கட்டிய கழுதை மேல் வண்டி ஏறிய டேவிஸ் வழக்கைச் சொன்னார், முடித்தார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ராத்திரியில் விளக்கில்லாமல் நிறுத்திய லாரியில் பைக் வந்து மோதினால், யார் பங்கு எத்தனை சதவீதம் என்று தீர்ப்பாயம் பிரிப்பதை ஆபீஸ் ஃபைல்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள் என்று கேட்டேன். "எக்ஸாமுக்கு வராதும்மா" என்றார்.

நோட்ஸுக்குத் தனியாக 200 ரூபாய். வாங்காதீர்கள். நத்தை வழக்கின் வருஷத்தையே 1923 என்று அச்சடித்திருக்கிறார்கள். புத்தகத்தை ஒரு தடவையாவது படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வகுப்பு தகும். பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடுகிறவர்களுக்குத் தகாது. அப்புறம், ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். ஓடுகிற விசிறி அங்கேதான்.