எக்ஸாஸ்ட் ஃபேனா, டக்ட் ஃபேனா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே விடை இல்லை

ஆறு இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேனின் அட்டையில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருக்கும். வீட்டுக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தர விதியான ஆஷ்ரே 62.2-இன்படி பாத்ரூமுக்கு வேண்டியது நிமிடத்துக்கு 50 கன அடி, அதாவது மணிக்கு 85 கன மீட்டர்தான். பிறகு ஏன் குளித்து அரைமணி நேரமாகியும் கண்ணாடி மங்கியே கிடக்கிறது?

அட்டையில் உள்ளது தடையே இல்லாமல் அளந்த கணக்கு. வெளிச்சுவரில் நேராகப் பொருத்தினால் அதில் பெரும்பங்கு கிடைக்கும். பத்தடி 4 இன்ச் பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் சேர்ந்தால் இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று பெயருக்குத்தான் போகும். சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பக்கத்துச் சுவர் ஒட்டிய வீடுகளில் குழாய் தவிர்க்க முடியாது. அங்கே விலை கூடினாலும், குழாய்க்கு நடுவே பொருத்தும் இன்லைன் டக்ட் ஃபேன்தான் சரி. தடையை மீறித் தள்ளும் அழுத்தம் அதற்கு உண்டு. வளையும் குழாயைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்தால், உள்ளே படியும் நீர் மோட்டாருக்குத் திரும்பாது. ஏற்காட்டில் இது கட்டாயம்.

எந்த ஃபேனாக இருந்தாலும் உள்ளே வர வழி இல்லாமல் காற்று வெளியே போகாது. கதவுக்கு அடியில் முக்கால் இன்ச் இடைவெளி விடுங்கள். ஃபேனை ஓட்டி, அந்த இடுக்கில் ஊதுவத்தி காட்டுங்கள். புகை உள்ளே சாய வேண்டும். சாயாவிட்டால் முதலில் ஃபேன் வாயிலுள்ள கொசுவலைத் தூசியைத் தட்டுங்கள்.

சித்திரை வெயிலில் சேலத்தில் பகலெல்லாம் ஃபேன் ஓட்டினால் அனலைத்தான் இழுத்து வைக்கும். குளித்தபின் பதினைந்து நிமிடம் போதும். வீட்டைக் குளிர்விக்க இரவில் ஜன்னல்களையும் மேல் வென்டிலேட்டரையும் திறப்பதே மேல். கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டர் ஷெட்டுக்குச் சரி, காங்கிரீட் வீட்டுக்கு அவசியமில்லை.

ஏற்காட்டில் கதை வேறு. 15 டிகிரி மூடுபனி வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடேறினாலும் ஈரப்பதம் சுமார் 73 சதவீதம் இருக்கும். ஆகவே பனி நேரத்தில் ஜன்னலைத் திறந்து ஓதத்தை உலர்த்த முடியாது. குளியல், சமையல் ஆவியை உடனுக்குடன் வெளியேற்றி, வெயில் வந்தபின் ஜன்னலைத் திறப்பதுதான் பூஞ்சைக்கு மருந்து. வெளியேறும் காற்றிலிருந்து வெப்பத்தை மீட்கும் எச்ஆர்வி கருவி, ஹீட்டர் ஓடாத வீட்டில் வீண் செலவு. மீட்க அங்கே வெப்பமே இல்லை.

கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். அடைத்த அறையில் எக்ஸாஸ்ட் இழுக்கும்போது கீசர் புகை உள்ளேயே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.