25,600 ரூபாய் போச்சு: கார்ட்லெஸ் மைக்குக்கு பேட்டரி செல், சார்ஜர் வாங்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம் கோவையில் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கினேன். காங்கேயம் வந்து சேரும்வரை பஸ்ஸில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். போனது 25,600 ரூபாய். பங்குனியிலிருந்து ஊர் ஊராகக் கோயில் நோம்பிக்கு ஓடி, ஸ்பீக்கர் தூக்கி, ராத்திரி முழுக்கக் கண் முழித்துச் சேர்த்த காசு அது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. மேடை ஒலிக்கருவிகளுக்கான பேட்டரியையும் சார்ஜரையும் சோதித்துப் பார்த்து, பழுது நீக்கி, புதிதும் விற்கிற கடை. வீடியோ போடுவார்கள், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பார்கள். அவ்வளவு போதும். செல் கெட்டதா, சார்ஜர் கெட்டதா என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் கடைசியில் முழுசாகச் சொல்கிறேன். அது தெரிந்திருந்தால் நான் அந்தக் கடை வாசலை மிதித்திருக்கவே மாட்டேன்.

என்னிடம் கார்ட்லெஸ் கை மைக் நான்கு, இடுப்பில் மாட்டுகிற பேக்கோடு ஹெட் மைக் நான்கு. எல்லாமே இரண்டு பென்சில் செல்லில் ஓடுபவை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது செல் வாங்கிக் கட்டுப்படியாகாமல், இரண்டு வருஷத்துக்கு முன் நல்ல கம்பெனியின் ரீசார்ஜ் செல் 40 வாங்கினேன். 2,000 எம்ஏஎச் (செல் எவ்வளவு கரண்ட் பிடித்து வைக்கும் என்கிற கணக்கு), நிக்கல் வகை செல். ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரில் 1 முதல் 40 வரை எண் போட்டேன். 1-2 ஒரு ஜோடி, 3-4 ஒரு ஜோடி. ஜோடி மாறவே கூடாது என்பதில் நான் கண்டிப்பு. இரண்டு செல்லில் எது பலவீனமோ அது காலியானதும் மைக் நின்றுவிடும், மற்றது நிறைந்திருந்தும் பிரயோஜனமில்லை.

ஆறு, ஏழு மணி நேரம் அசராமல் ஓடிக்கொண்டிருந்த மைக்குகள் பங்குனி கடைசியில் இரண்டு மணி நேரத்தில் நிற்க ஆரம்பித்தன. எல்லா ஜோடியும் இல்லை. இன்றைக்கு இந்த ஜோடி, நாளைக்கு வேறு ஜோடி. இந்த மாறி மாறி நிற்பதுதான் பழுது எங்கே என்று காட்டிக் கொடுத்திருக்க வேண்டியது. எனக்கு அப்போது பிடிபடவில்லை. சித்திரையில் வரிசையாக வள்ளி கும்மி நிகழ்ச்சிகள் ஒத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் 40 செல்லையும் இரண்டு சார்ஜரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கோவைக்குப் போனேன்.

அங்கே நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முப்பது வயதுக்குள் ஒரு தம்பி. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். செல்லின் இரண்டு முனையையும் துணியால் துடைத்து, சிவப்பு எண் ஓடுகிற ஒரு கருவியில் வைத்து, ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினான். “உள்தடை 480 மில்லி ஓம் காட்டுதுங்ணா. இத்தனை நாளா இதை வெச்சா ஓட்டுனீங்க?” என்றான். உள்தடை என்பது செல்லுக்குள்ளேயே கரண்டைத் தடுக்கிற அளவு, அது ஏறினால் செல் கெட்டது என்று அர்த்தம். 390, 510, 460 என்று வரிசையாக வந்தது. எட்டு செல்லை மட்டும் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினான். “இந்த எட்டும் நல்லா இருக்குங்ணா. இதுக்குப் புதுசு வாங்காதீங்க, வெச்சு ஓட்டுங்க. நான் பொய் சொல்லிக் காசு வாங்க மாட்டேனுங்க.”

அந்த எட்டு செல்லில்தான் நான் விழுந்தேன். ஏமாற்றுகிறவனாக இருந்தால் நாற்பதும் போச்சு என்றல்லவா சொல்லியிருப்பான், எட்டைத் திருப்பிக் கொடுக்கிறானே என்று மனசு இளகிவிட்டது. “சரிங்க தம்பி, நீங்க சொன்னா சரி” என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

புது செல் 32, ஒன்று 450 வீதம் 14,400. எட்டு செல் போடுகிற சார்ஜர் இரண்டு, 10,400. நாற்பது செல்லைச் சோதிக்க ஒன்றுக்கு 40 வீதம் 1,600. பழைய செல் 32-ஐயும் அவனே எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று 800 கழித்தான். ஆக 25,600. அங்கேயே நின்று போனில் அனுப்பினேன். செல் உறையில் 3,000 எம்ஏஎச் என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது. 2,000 வைத்திருந்தவனுக்கு 3,000 என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். மாரியம்மன் கோயில் மைதானம். இருநூறு பேருக்குக் குறையாமல் வட்டம் கட்டி நின்றார்கள். ஒரே நிறச் சேலையில் பெண்கள், உள்வட்டத்தில் பள்ளிக்கூடக் குழந்தைகள், சுற்றிலும் ஊரே. கும்மி சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஹெட் மைக் போட்டுக்கொண்டு நடுவில் நடந்தபடியே பாடுவார். அவர் குரல்தான் எல்லாருடைய காலுக்கும் தாளம். ஏழு மணிக்கு ஆரம்பித்தது. என் ரிசீவரில் பேட்டரி மூன்று கட்டை காட்டிக்கொண்டிருந்தது. எட்டேகாலுக்கு, எந்தச் சைகையும் இல்லாமல், குரல் அறுந்தது.

கைதட்டு உடனே நிற்கவில்லை. நாலைந்து தட்டு தன் பாட்டில் போயிற்று. அப்புறம் வட்டத்தின் ஒரு பக்கம் நின்றது, மறுபக்கம் தட்டிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. உள்வட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை தூக்கிய கையை இறக்காமல் ஆசிரியரையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிப் போய் இன்னொரு ஜோடி மாற்றினேன். அது இருபத்தைந்து நிமிஷம். மூன்றாவது ஜோடி பதினைந்து. பையனை வண்டியில் விரட்டி மளிகைக் கடையில் சாதாரண செல் வாங்கிவரச் சொன்னேன். அதுவரை அறுபத்தைந்து வயது ஆசிரியர் ஒயர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒயர் காலில் சிக்காமல் ஒரே இடத்தில் நின்று பாடினார். மூன்று மாசம் ராத்திரி ராத்திரியாகப் பழகிய ஜனம் அது. வாடகையில் 8,000-ஐ நானே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். அதை இந்த 25,600-இல் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே கடைக்குப் போன் செய்தேன். “புது செல் மூணு நாலு தடவை சார்ஜ் போட்டாத்தானுங்ணா செட்டாகும்” என்றான். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நிக்கல் செல் முதல் சில சார்ஜுக்குப் பிறகுதான் முழுசாகப் பிடிக்கும். அதனால் நம்பி நான்கு தடவை போட்டேன். மாற்றமில்லை. அடுத்த போனில் “உங்க பேக்தான் கரண்டை ஜாஸ்தியா இழுக்குது, அதைக் கொண்டாங்க பார்க்கலாம்” என்றான். அதற்கும் தனிக் காசாம். அப்புறம் ஓனர் பழனிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நான்கு நாள் கழித்துக் கேட்டபோதும் பழனியில்தான் இருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவுக்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பிறகு அந்த எண்ணின் படமே மறைந்துவிட்டது.

இதற்கிடையில் ஈரோட்டில் இதே தொழில் செய்கிற என் கூட்டாளி ஒருவரிடம் போனேன். செல்லை ஏற்றி இறக்கிக் கொள்ளளவைக் காட்டுகிற சார்ஜர் அவரிடம் உண்டு. புது செல் நான்கை முழுசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார். 640, 590, 710, 560. உறையில் எழுதியிருப்பதோ 3,000! பென்சில் அளவு நிக்கல் செல்லில் 2,500, 2,700 வரைக்கும்தான் நிஜமாகவே அடைக்க முடியும், மூவாயிரத்துக்கு மேல் எழுதியிருந்தாலே கையில் தொடாதே என்றார். பக்கத்தில் நகைப் பட்டறைத் தராசில் நிறுத்தோம். புதுசு 18 கிராம். என் பழைய செல் 27.

அப்புறம் திருப்பிக் கொடுத்த அந்த எட்டைப் போட்டார். ஏழாம் எண் செல் 1,860. மற்றவையும் அதையொட்டித்தான். இரண்டு வருஷ செல்லுக்கு அது அருமையான கணக்கு. நான் ஜோடி எண்களைப் பார்த்தேன். 7 இருக்கிறது, 8 இல்லை. 12 இருக்கிறது, 11 இல்லை. எட்டும் எட்டு ஜோடியிலிருந்து ஒவ்வொன்று. இரண்டு வருஷம் ஒரே மைக்கில், ஒரே நேரம் ஏறி ஒரே நேரம் இறங்கிய ஜோடியில் எட்டு ஜோடியிலும் ஒன்று மட்டும் சாகுமா?

“480 மில்லி ஓம் காட்டினானே” என்று கேட்டேன். கூட்டாளி தன் கருவியை எடுத்து ஏழாம் எண் செல்லையே வைத்தார். முனையை நன்றாக அழுத்திப் பிடித்தபோது 34. லேசாகத் தொட்டபடி பிடித்தபோது 410. அதே செல்தான். அப்போதுதான் எனக்கு அந்தத் தம்பியின் கட்டை விரல் ஞாபகம் வந்தது. அந்த எட்டு செல்லுக்கு மட்டும் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். மற்றதை எல்லாம் விரல் நுனியால் தொட்டு எடுத்தான். நான் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

உண்மையான பழுது என் பழைய சார்ஜரில் இருந்தது. ஒன்றில் மூன்றாவது, நான்காவது குழியின் தகட்டில் பச்சை பூத்திருந்தது. எப்போதோ கசிந்த செல்லின் வேலை. அந்தக் குழியில் எந்த ஜோடி விழுந்ததோ அது பாதிகூட நிறையாமல் வெளியே வந்தது. அதனால்தான் பழுது ஜோடி மாறி மாறி வந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட்டில் கழுவிக் காயவிட்டார். பத்து நிமிஷ வேலை. இன்னொன்று, தகரக் கொட்டகையில் மத்தியான வெயிலில் நான் சார்ஜ் போட்டது. செல் சூடாவதையும் வோல்ட் துளி இறங்குவதையும் வைத்துத்தான் நல்ல சார்ஜர் நிறைந்துவிட்டது என்று முடிவு செய்யும். சுற்றிலும் நாற்பது டிகிரி இருந்தால் செல் சரியாக ஏற்காது, சார்ஜரும் ஏமாந்து முன்கூட்டியே பச்சை விளக்கைப் போட்டுவிடும். அவர்கள் 10,400-க்கு விற்ற சார்ஜரோ எதையுமே பார்ப்பதில்லை. காலி செல் போட்டாலும் நிறைந்த செல் போட்டாலும் சரியாக மூன்று மணி நேரத்தில் பச்சை. வெறும் கடிகாரம் அது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் நேற்று நேரில் போனேன். தராசுச் சீட்டைக்கூடக் காட்டினேன். டீ கொடுத்த அதே தம்பி தலை நிமிரவில்லை. “கமர்ஷியல் யூஸுக்கு வாரண்டி கிடையாதுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். என் பழைய செல்லையாவது கொடு என்றேன். அதெல்லாம் கழிவுக்குப் போய்விட்டதாம். பில்லை எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை. எஸ்டிமேட் என்று மேலே போட்ட துண்டுத்தாள். ஜிஎஸ்டி எண் கிடையாது. 25,600 ரூபாய்க்கு ஒரு துண்டுத்தாள்.

இன்று காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். கமர்ஷியல் என்று சொல்லி அவர்கள் தட்டிக் கழிப்பது செல்லாது. சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. பணம் அனுப்பிய ரசீது போனில் இருக்கிறது. விடப் போவதில்லை.

முழுசாகச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு விடியற்காலம் தாராபுரத்தில் காதுகுத்து, வண்டி ஏற்ற வேண்டும். அவசரமாகச் சிலது மட்டும். மைக் நின்றால் முதலில் சார்ஜர் தகட்டைப் பாருங்கள். அதே ஜோடியை வேறு குழியில், வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பழுது செல்லோடு போகிறதா, குழியோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், சும்மா இருக்கும்போது செத்த செல்லும் 1.3 காட்டும். சார்ஜை நிழலில், காற்றில் போடுங்கள். புது செல்லைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உறையில் ஐஎஸ் 16046 என்கிற இந்தியத் தர முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், தர முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வரும். நான் வாங்கியதில் எண்ணே இல்லை. பழைய செல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

என் 32 செல்லும் எங்கோ புது உறைக்குள்ளோ செகண்ட் ஹேண்டாகவோ சுற்றிக்கொண்டிருக்கும். கறுப்பு மார்க்கர் எண்ணைத் துடைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கூட்டல் முனைக்குப் பக்கத்தில் என் மகள் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாருக்காவது சிவப்புப் புள்ளி வைத்த செல் விலைக்கு வந்தால், எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.