சுவரை எடுத்து நான்கு ஆண்டுகள்: ஓசூர் அடுக்குமாடி வீட்டு அனுபவம்

ஓசூரில் இரண்டாம் தளத்தில் உள்ள எங்கள் வீட்டில், கூடத்துக்கும் அதை ஒட்டிய சிற்றறைக்கும் நடுவில் இருந்த சுவரை 2021 பிப்ரவரியில் முறைப்படி அனுமதி பெற்று அகற்றினோம். பக்கவாதம் வந்தபின் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய அப்பாவால் அந்த அறையின் இரண்டரை அடி வாசலில் திரும்ப முடியவில்லை. வீடு எவ்வளவு பெரிதானது என்று பலரும் கேட்கிறார்கள். எடுத்த சுவர் பத்தடி நீளம், பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலத் தடிமன்; அளவுக் கணக்கில் கூடியது ஐந்து சதுர அடிக்கும் குறைவுதான். ஆனால் அப்பா இன்று கட்டிலிலிருந்து பால்கனி வரை யார் துணையும் இல்லாமல் போய் வருகிறார்.

முதலில் வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலரை இன்ச் சுவர்தானுங்க, ஒரே நாள்ல எடுத்துடலாம்" என்றார். தூணும் உத்திரமும் தாங்கும் கட்டடத்தில் அத்தகைய சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான் என்றாலும், அதைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சுவர்களின் மேலேயே தளம் நிற்கும் பழைய வீடுகளிலும், அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக வார்க்கும் புதிய அடுக்குமாடிகளிலும் ஒரு வாசலை அகலப்படுத்துவதுகூட ஆபத்தாகலாம். கட்டுநரிடமிருந்து கட்டமைப்பு வரைபடத்தை வாங்கவே எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் அதை வைத்துப் பார்த்து, பால்கனிப் பக்க மூலையில் பூச்சுக்குள் தூண் இருப்பதைக் காட்டி, அதை ஒட்டிய முக்கால் அடியைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த அறிக்கையையும் திருத்திய வரைபடத்தையும் முதலில் குடியிருப்போர் சங்கத்தில் கொடுத்து எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்றோம். தூண், உத்திரம், தளம் எல்லாம் அனைவருக்கும் பொதுவானவை. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கவலைப்படுவது நியாயமே. வீடு அடமானத்தில் இருந்ததால் வங்கியின் தடையின்மைச் சான்றும், பிறகு மாநகராட்சியின் அனுமதியும் வாங்கினோம். எல்லாம் சேர்த்து மூன்று மாதம். இடித்தது இரண்டே நாள்.

இடித்த முறையையும் சொல்ல வேண்டும். முதலில் சுவருக்குள் ஓடிய மின்குழாயை மாற்றினார்கள். பிறகு மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லைக் கழற்றினார்கள். பத்தடிக்கு ஒன்பதடிச் சுவர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. அதைத் தளத்தில் ஒரே இடத்தில் குவித்தால் தளம் பாரம் தாங்காமல் போகலாம் என்று பொறியாளர் எச்சரித்திருந்ததால், அறுபதுக்கும் மேற்பட்ட சிமெண்ட் சாக்குகளில் அள்ளி உடனுக்குடன் கீழே இறக்கினோம். சித்தாள்களுக்கு அது கடும் உழைப்பு. பேசிய கூலிக்கு மேல் கொடுத்தோம்.

சுவர் நின்ற இடத்தில் தரை வெறுமையாக இருந்தது. பழைய டைல்ஸ் கிடைக்காததால் கிருஷ்ணகிரிக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்தோம். அது நூலளவு உயர்ந்திருந்ததில் வாக்கர் தட்டியது. பிறகு தேய்த்துச் சமப்படுத்தினோம்.

குறைகளும் உண்டு. மிக்ஸிச் சத்தமும் தாளிப்பு நெடியும் நேராக அப்பாவின் கட்டில் வரை வருகின்றன; விருந்தினர் தங்கத் தனி அறை இல்லை. முதல் கோடையில் உத்திரத்தின் அடிப்பூச்சில் மயிரிழை விரிசல் ஒன்று தோன்றியபோது பயந்துபோனோம். பொறியாளர் வந்து பார்த்து, பூச்சு காய்ந்ததால் வந்தது என்று சொல்லி, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினார். ஒவ்வொரு மே மாதமும் நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கிறேன். விரிசல் இன்னும் அந்தக் கோடுகளைத் தாண்டவில்லை.