வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி: நாய்க்கு வைத்தியம், நமக்குப் பாடம்

நாய் படுத்துவிட்டால் சென்னையில் எங்கள் புரசைவாக்கத்தில் ஆளுக்கொரு கிளினிக் சொல்வார்கள். நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் சொல்வேன். செலவு குறைவு என்பதற்காக மட்டும் இல்லை.

1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி இது. 1989இலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதனால் உங்கள் நாயை ஒரு டாக்டர் மட்டும் பார்க்கமாட்டார், வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர் கூட்டமே பார்க்கும். ஒரு பெண் உதட்டைத் தூக்கி ஈறு பார்ப்பாள், ஒரு பையன் தெர்மாமீட்டர் வைப்பான், இன்னொருத்தர் எழுதிக்கொள்வார். "நம்ம புள்ளைய வச்சு இதுங்க படிக்குதுங்க" என்று ஒரு அண்ணன் முணுமுணுத்தார். படிக்கட்டுமே! நாளைக்கு ஏதோ ஒரு ஊரில் மாடு பார்க்கப்போகிற பிள்ளைகள்தானே.

எனக்குப் பிடித்ததே அந்தக் கூட்டம்தான். டாக்டர் மாணவர்களைக் கேள்வி கேட்கும்போது நம் காதிலும் விழுகிறது. எங்கள் மணி, டிபன் கடை வாசலிலேயே வளர்ந்த தெருநாய், சோறு தொடாமல் கிடந்தான். முதலில் காட்டிய தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு பில் கொடுத்தார்கள். என்ன நோய் என்று கேட்டதற்கு "சரியாயிடும்" என்றார்கள். இங்கே ஈறு வெளுத்தால் என்ன அர்த்தம், ரத்தத் துளியை ஏன் காது நுனியில் எடுக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பிள்ளைகள் திணறி, டாக்டரே பதில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உண்ணிக் காய்ச்சல் புரிந்துவிட்டது. உண்ணி கடிக்கும்போது கிருமி ரத்தத்தில் இறங்குகிறது, ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் குறைகிறது. இதற்குக் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரையை நாய் தெம்பானதும் பாதியில் நிறுத்தக் கூடாது.

கிளம்பும்போது ஈறு பார்த்த அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "நாயைக் குளிப்பாட்டினா மட்டும் போதாதும்மா, செவுத்து விரிசலையும் பாருங்க, உண்ணி முட்டை போடுறது அங்கதான்" என்றாள். இதுவரை எந்த வைத்தியரும் என்னிடம் சொல்லாத சேதி. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினோம்.

அவசரக்காரர்களுக்கும், நாலு பேர் தொட்டால் சீறுகிற நாய்க்கும் இந்த இடம் ஒத்துவராது. மற்றவர்கள் காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்குங்கள். பழைய மருந்துச் சீட்டு, வாய்க்கட்டு, கூட ஒரு ஆள் கட்டாயம். பூனையென்றால் மூடிபோட்ட கூடையில் கொண்டுபோங்கள், சுற்றிலும் நாய்கள்.